ஒரிஜினல்தான், போடாதீங்க

மராத்தி பேசும் இந்த ஊரில் எங்கள் கட்கிப் பகுதித் தமிழர்கள் கொண்டுவரும் ஆண்டு மலருக்கு, "உங்கள் பணிக்காலத்தின் இனிய நினைவுகளை எழுதித் தாருங்கள்" என்று கேட்டார்கள். இனிப்பை எனக்கு டாக்டர் நிறுத்திப் பல வருடம் ஆகிறது. என்னிடம் இருப்பது காரம்தான். பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் என் பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபத்துக்கு எனக்கு வேறு காரணம் இருக்கிறது.

நான் கஸ்தூரி. அப்பா இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். நான் பிறந்தது, படித்தது, கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடிபோனது எல்லாம் கட்கியிலேயே. வேலை மட்டும் கேம்ப் பகுதியில், ஒரு மோட்டார் சைக்கிள் டீலரிடம். டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் இருந்தவர் மஞ்சள் காமாலையில் படுத்துவிட, "ஒரு வாரம் நீ நில்லு" என்றார்கள். அந்த ஒரு வாரம் நான் ரிடையர் ஆகும்வரை முடியவில்லை.

நாங்கள் விற்ற வண்டியின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டு சைலன்சர், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும், தெருமுனை திரும்பிய பிறகும் புகை இங்கேயே நிற்கும் என்றால் இந்த ஊர்ப் பழைய ஆட்களுக்குப் புரிந்துவிடும். அன்றைக்குப் பால்காரரும் போஸ்ட்மேனும் ஓட்டியது. இன்றைக்கு அதற்கு 'வின்டேஜ்' என்று பெயர். ஹிஞ்சேவாடி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஓட்டட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர்களுடைய வாட்ஸாப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பொழுது விடிந்தால் அதில் ஒரே கேள்வி: வண்டிக் கம்பெனியே செய்த ஒரிஜினல் வாங்கலாமா, வெளி ஆள் செய்த ஆஃப்டர்மார்க்கெட் வாங்கலாமா?

கேள்வியே தப்பு. எந்தப் பாகத்துக்கு என்று சொல்லாமல் இதைக் கேட்பது, என்ன வியாதி என்று சொல்லாமல் மாத்திரை சிவப்பா வெள்ளையா என்று கேட்பது மாதிரி. இதை நான் குழுவில் எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு மறுநாள் அதையே கேட்பார்கள்.

எனக்கு இந்தப் பாடத்தைப் புகட்டியவர் எங்கள் ஸ்டோர் இன்சார்ஜ் குல்கர்ணி சாஹேப். அவரைத் தங்கமான மனிதர் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. சிடுமூஞ்சி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருக்கு வருடங்கள் ஆயின. அதுவரை "ஏ மதராஸ்" தான். யார் வந்து ஒரு பாகத்தைக் காட்டி "இது நல்லதா சாஹேப்?" என்று கேட்டாலும் பதில் சொல்ல மாட்டார். "குட்டே லாவ்ணார்?" என்பார். எங்கே போடப் போகிறாய் என்று அர்த்தம். அதற்குப் பதில் வந்த பிறகுதான் கையை நீட்டுவார்.

கையில் வாங்கியதும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். கண்ணால் பார்க்கிற வேலை அவருக்குக் கடைசி. முதலில் எடை. பழைய பாகம் ஒரு கையில், புதியது இன்னொரு கையில், தராசு மாதிரி கொஞ்ச நேரம். அடுத்தது சத்தம். பேரிங் உருளையைக் கவுன்டர் கண்ணாடிமேல் விரற்கடை உயரத்திலிருந்து போடுவார். நன்றாகக் கடினப்படுத்திய இரும்பு கிணுக்கென்று துள்ளும். மட்டமானது பொத்தென்று விழுந்து அங்கேயே கிடக்கும். ரப்பராக இருந்தால் மடித்து, மடிப்பின் முதுகில் நகத்தை ஓட்டுவார். வெடிப்பு தெரிந்தால் குப்பைத் தொட்டிதான், அது எந்தக் கம்பெனியின் பெட்டியில் வந்திருந்தாலும் சரி. பிரேக் கட்டையாக இருந்தால் லைனிங்கும் உலோகமும் ஒட்டியிருக்கும் விளிம்பை மோந்து பார்ப்பார். எனக்கு முதலில் சிரிப்பு வரும். பிறகு நானும் மோந்து பார்க்க ஆரம்பித்தேன். பசை கெட்டுப்போனால் பழைய அலமாரி வாசனை வரும்.

அவருடைய கணக்கு எளிது. உருளுகிற பாகமும் சுழலுகிற பாகமும் கம்பெனியுடையதே நல்லது. பல் சக்கரம், கிராங்க், பேரிங் எல்லாம் அதில் சேர்த்தி. பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, இரும்புக்கு மூப்பு மெதுவாகத்தான் வரும். உரசித் தேய்கிற பாகத்தை, நல்ல ஆளிடம், புதிதாக வாங்க வேண்டும். ரப்பர், பசை சம்பந்தப்பட்டது எதுவானாலும் பெயரைப் பார்க்காதே, எப்போது பிறந்தது என்று பார். அவ்வளவுதான். இதைத்தான் இன்றைய பிள்ளைகள் ஆயிரம் மெசேஜில் அடித்துக்கொள்கிறார்கள்.

கவுன்டரில் நான் நின்ற காலம் முழுக்க எனக்கு இன்னொரு எரிச்சல் இருந்தது. நம்பர் பார்த்துப் பாகத்தை எடுத்து வைப்பேன். வந்தவர் அதைத் தொடக்கூட மாட்டார். "தாயி, உள்ளே யாராவது ஆள் இருக்காங்களா?" என்று கேட்பார். மராத்தியில் தாயி என்றால் அக்கா. மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் மரியாதையைக் கெடுப்பார்கள். உள்ளேயிருந்து குல்கர்ணி சாஹேப் வருவார். நான் சொன்னதையே ஒரு வார்த்தை மாற்றாமல் திருப்பிச் சொல்வார். வந்தவர் தலையாட்டி வாங்கிக்கொண்டு போவார். சாஹேப் ஒருநாள்கூட "அவங்க சொன்னதுதானேய்யா இது" என்று கேட்டதில்லை. அந்தக் கணக்கு அவர்மேல் எனக்கு இன்னும் பாக்கி.

ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குக் கையெடுத்துக் கும்பிடுவேன். அது பெட்டி விஷயம்.

உருளி கிராமத்துப் பக்கத்திலிருந்து பாபுராவ் என்று ஒரு பால்காரர் வருவார். ஒருநாள் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். வந்த வேகத்தில் ஒரு பெட்டியைக் கவுன்டரில் அறைந்தார். கம்பெனிப் பெட்டி. மூலையில் எங்கள் கடை ரப்பர் ஸ்டாம்ப். அதற்குள் இருந்த கிராங்க் பேரிங்கைப் போட்டுச் சில வாரம்கூட ஆகவில்லையாம். பால் கேன்களோடு ஓடிக்கொண்டிருந்தபோது எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, மனிதர் ரோட்டில் சறுக்கியிருக்கிறார். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக் பிடித்ததால் உயிர் தப்பியது. "ஒரிஜினல், ஒரிஜினல்னு சொல்லி விக்கிறீங்களே, என் பொண்டாட்டி தாலிய அறுக்கவா?" என்று மராத்தியில் கத்தினார். கடை முழுக்க வேடிக்கை பார்த்தது.

நாங்கள் அவருக்கு விற்கவே இல்லை. அவர் வேறு எங்கோ வாங்கியிருக்கிறார். அதை நான் சொல்ல வாயெடுத்தேன். சாஹேப் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, பெட்டியில் அவர் அள்ளி வந்த உடைந்த உருளைகளில் முழுசாக மிஞ்சிய ஒன்றைக் கண்ணாடிமேல் போட்டார். பொத். இன்னொன்று. பொத். அரம் எடுத்து ஒரு இழுப்பு இழுத்தார், சீவல் உதிர்ந்தது. நல்ல உருளையில் அரம் வழுக்கும், கடிக்காது. பாகம் டூப்ளிகேட், பெட்டி மட்டும் எங்களுடையது. காலிப் பெட்டிகளைப் பழைய பேப்பரோடு சேர்த்து நாங்களே எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். யாரோ அதை வாங்கி, குப்பையை உள்ளே அடைத்து, மேலே எங்கள் பெயரோடு விற்றிருக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற சொல் சாஹேபின் வாயில் வராது. வொர்க் ஷாப்புக்குப் போன் போட்டு, "பாபுராவ் வண்டிதான் முதல்ல" என்றார். அன்று முதல் ஒரு சட்டம் வந்தது. எந்தப் பாகம் விற்றாலும் வாங்குகிறவர் கண்ணெதிரில் பெட்டியைத் திறந்து, பாகத்தை அவர் கையில் கொடுத்து, பெட்டியை நான்காகக் கிழித்துப் போட வேண்டும். பாகத்தை மராத்திப் பேப்பரில் சுற்றித் தருவோம். பெட்டி இல்லாமல் மிட்டாய் வாங்குகிறவர்கள் மாதிரி ஜனங்கள் முகத்தைச் சுளிப்பார்கள். திட்டுவார்கள். நான் கிழித்துக்கொண்டே இருப்பேன். கிழித்த பெட்டிகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு விழுந்ததுதான் மிச்சம்.

இப்போது இந்தக் கூத்தைப் பாருங்கள். நாங்கள் கிழித்துப் போட்ட அதே பெட்டிக்கு இன்றைக்கு ஆட்கள் பறக்கிறார்கள். மூடிய டீலர்களின் கிடங்கிலிருந்து, ஸ்டேப்ளர் பின் பிரிக்காத பெட்டி கிடைத்தால் ஏலம் போகிறது. 'சீல் பேக்' என்று குழுவில் போட்டோ போட்டால் இதயமாகக் கொட்டுகிறது. உள்ளே என்ன இருக்கிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. பிணத்துக்குப் பட்டுச் சேலை கட்டி, சேலை ஒரிஜினல் காஞ்சிபுரம் என்று பூரித்துப் போகிறார்கள்.

இந்தப் பூரிப்பில் முதல் ஆள் பிரபு. கோயம்புத்தூர்ப் பையன், ஹிஞ்சேவாடியில் நல்ல வேலை, நல்ல சுபாவம். பார்க்கிற இடத்திலெல்லாம் காலைத் தொட்டுக் கும்பிடுவான். அவன் வைத்திருக்கும் வண்டி அவனுடைய மாமனார் பொள்ளாச்சியில் ஓட்டியது. அவர் காலமான பிறகு லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்தான். ஒரு வருடமாக அதைப் பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தான். பழைய வண்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்து தாம்ஹிணி காட் மலைப்பாதையில் ஒரு ஊர்வலம் போவார்கள், திரும்பி வந்ததும் பரிசு கொடுப்பார்கள். 'முழு ஒரிஜினல்' என்று ஒரு கோப்பை. பிரபுவுக்கு அதன்மேல் கண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியில் சுற்றிய பெட்டி ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தான். முன்சக்கர பிரேக் கட்டை, ஜோடி. இந்தூரில் மூடிக்கிடந்த கடையிலிருந்து கிடைத்ததாம்.

"ஏனுங்கம்மா, இது ஒரிஜினலுங்களான்னு பாத்துச் சொல்லுங்க. ஆனா பெட்டிய மட்டும் கிழிச்சறாதீங்க."

"பெட்டிய பாத்து இன்னா தம்பி சொல்றது? உள்ள இருக்கறத எடு."

டாக்டர் மாதிரி சின்ன இடுக்கியால் பின்னை எடுத்தான். நான் கண்ணாடியைக் கழற்றினேன். எடை சரி. வார்ப்பில் கம்பெனி முத்திரை சரி. லைனிங்கின் நிறம், அதில் தெரிகிற பித்தளைத் துணுக்கு, எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கேதான். விளிம்பை மோந்தேன். பழைய அலமாரி. நகத்தை ஓட்டினால் உலோகத்துக்கும் லைனிங்குக்கும் நடுவே முடியிழை மாதிரி ஒரு கோடு. பசை மாவாகிவிட்டிருந்தது. இந்தக் கட்டையை மாட்டி ஓட்டினால், சூடேறியதும் லைனிங் பெயர்ந்து டிரம்முக்குள் சிக்கும். முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். இறக்கத்தில் அது நடந்தால் ஓட்டுகிறவனும் பின்னால் உட்கார்ந்திருப்பவளும் எங்கே போய் விழுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

"ஒரிஜினல்தான். போடாதீங்க" என்றேன். பசை செத்துப்போச்சு, லைனிங் பேந்துக்கினு வரும், நானா பேட் கடைத்தெருவுல புது லைனிங் ஒட்டித் தருவாங்க, இல்லைன்னா கடையில புதுக் கட்டையே வாங்கிக்கோ என்று விளக்கமாகவே சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கத்தில் பெட்டியோடு நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, காலைத் தொட்டுவிட்டுப் போனான்.

அவன் கேட் தாண்டியிருக்க மாட்டான், குழுவில் போட்டோ வந்துவிட்டது. "கஸ்தூரி அம்மாவே ஒரிஜினல்னு சொல்லிட்டாங்க!" கைதட்டல், பூங்கொத்து, இதயம். நான் உடனே, "போடாதீங்கன்னும் சொன்னேன்" என்று எழுதினேன். கைதட்டலில் அது மேலே ஏறிக் காணாமல் போயிற்று. எவனோ ஒருவன், "அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று சிரிக்கும் பொம்மை போட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொன்னது இரண்டே வார்த்தை. அதில் தனக்கு வேண்டியதைப் பிய்த்து எடுத்துக்கொண்டு மற்றதைப் பெட்டியோடு தூக்கிப் போட்டுவிட்டான்.

சில நாள் கழித்து, ஒரு வேலை நாளில், பிரபுவின் மனைவி கவிதா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். சாகன் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், பசையும் ரப்பரும் எவ்வளவு சூடு தாங்கும் என்று சோதிக்கிற லேபில் இருக்கிறாள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, நீங்க போட வேண்டாம்னு சொன்னீங்களாமா?"

"சொன்னேம்மா. உன் ஊட்டுக்காரரு உன்கிட்ட சொல்லல?"

"ஒரிஜினல்னு சொன்னீங்கன்னு மட்டுந்தான் சொன்னாருங்க. குழுவுல நீங்க எழுதுனத நாந்தான் தேடிப் பாத்தேன். இத்தன வருசம் ஆன பசை தாங்காதுன்னு நானும் சொன்னனுங்க. எனக்கு இதுதான் வேலையே. 'உன் லேப வீட்டுக்குக் கொண்டுவராத'ங்கறாரு. ஞாயித்துக்கெழம காட் ரோட்டுல எறங்கறோம். பின்னால உக்காரப் போறது நானுங்க."

"நீ போகாத."

"நான் போகலீன்னா அவரு மட்டும் விழுவாருங்க" என்றாள். அழவில்லை. கோபத்தில் மூக்கு சிவந்திருந்தது. "எங்கப்பா வண்டிங்க அது. எங்கப்பா அதுக்குக் கெடச்ச கண்ணாடி, கெடச்ச சீட்டு, எதையோ போட்டு ஓட்டுனாரு. ஆனா பிரேக் லைனிங் மட்டும் எப்பவும் புதுசு. இப்ப அவரு பேரச் சொல்லித்தான் இந்தக் கட்டைய மாட்டறாங்க."

எனக்கு அந்தக் கவுன்டர் ஞாபகம் வந்தது. உள்ளே யாராவது ஆள் இருக்காங்களா? சோதனைச் சாலையில் உட்கார்ந்து பசையையே படித்தவள் சொன்னாலும் ஆள் வேறு வேண்டியிருக்கிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு கிளம்பினேன்.

வண்டி கட்கி ரயில்வே கேட் பக்கம் உஸ்மான் பாய் ஷெட்டில் நின்றது. முன்சக்கரம் இன்னும் ஏற்றவில்லை. உஸ்மான் பாய் என் கவுன்டரில் வருடக்கணக்காகச் சாமான் வாங்கிய மெக்கானிக். கட்டையை எடுக்கச் சொன்னேன். ஒரு மெல்லிய தகட்டை விளிம்பில் வைத்துக் கொஞ்சம் நெம்பினேன். தவாவிலிருந்து ரொட்டி எழும்புகிற மாதிரி லைனிங் முழுசாக எழும்பி வந்துவிட்டது. இன்னொரு கட்டைக்குத் தகடுகூட வேண்டியிருக்கவில்லை, கவிதாவின் நகமே போதுமாக இருந்தது. உஸ்மான் பாய் இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். "யா அல்லா, இத நான் நாளைக்கு மாட்டியிருப்பேனே" என்றார்.

கவிதா தன் துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டாள். அந்தக் காலத்து லைனிங் தூசு நுரையீரலுக்கு ஆகாது என்று எங்களையும் தள்ளி நிற்கச் சொன்னாள். பெயர்ந்த பட்டைகளை ஈரத்துணியில் துடைத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். பிறகு இரண்டு பேரும் ரிக்‌ஷா பிடித்து நானா பேட் போனோம். லைனிங் கடைக்காரன் உலோகக் கட்டையைப் பளபளவென்று தேய்த்து, பசை தடவி, புதுப் பட்டையை வைத்து இறுக்கி, அடுப்புப் பெட்டிக்குள் தள்ளினான். அது வெந்து ஆறும்வரை எதிர்க் கடையில் காரப் பயறுக் குழம்பும் பன்னுமாக மிசள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் தட்டைத் தொட்டதாக ஞாபகம் இல்லை. எடுத்து வந்த கட்டையை அவளே புரட்டிப் பார்த்தாள், உளியால் ஓரத்தைக் குத்திப் பார்த்தாள், மோந்தாள். சரி என்றாள்.

சாயங்காலத்துக்குள் சக்கரம் ஏறிவிட்டது. கட்டை அதே பழைய கம்பெனிக் கட்டை, மேலே ஒட்டிய பட்டை மட்டும் புதிது. இது ஒரிஜினலா, ஆஃப்டர்மார்க்கெட்டா? எனக்குத் தெரியாது. நிற்கும், அது தெரியும். டிரம்மை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது.

"அவருகிட்டச் சொல்ல வேண்டாங்கம்மா" என்றாள் கவிதா. "சொன்னா அதே மாதிரி இன்னொரு பெட்டி தேடுவாரு. எனக்கு ஜெயிக்கோணும்னு இல்லீங்க, உசுரோட திரும்போணும்."

உஸ்மான் பாய் வாயை ஜிப் போட்டு மூடுகிற மாதிரி காட்டினார். நானும் வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அது சரியாகத்தான் பட்டது.

ஊர்வலம் முடிந்து பரிசு கொடுக்கும் நாளில் என்னையும் மேடைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். 'முழு ஒரிஜினல்' கோப்பை பிரபுவுக்கு. மைக்கைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னான். காட் இறக்கத்தில், ஒரு வளைவில், திடீரென்று எருமை ஒன்று குறுக்கே வந்துவிட்டதாம். பின்னால் மனைவி. முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தானாம். வண்டி இம்மி ஆடாமல் நேராக நின்றதாம்.

"நாப்பது வருசத்துக்கு முன்னாடி செஞ்ச பிரேக் கட்டைங்க! சீல் பேக்! இன்னைக்கு வர்ற ஆஃப்டர்மார்க்கெட்டெல்லாம் இதுகிட்ட நிக்குமாங்க? எனக்கு இத ஒரிஜினல்னு உறுதி பண்ணிக் குடுத்தது நம்ம கஸ்தூரி அம்மா!"

கூட்டம் எழுந்து கைதட்டியது. என் கையில் பூங்கொத்து, எதிரே மைக். முன்வரிசையில் கவிதா உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாக, ஒரே ஒரு தடவை ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்த எருமையும் வளைவும் என் கண்ணில் நின்றன. அந்த இடத்தில் பழைய பட்டை இருந்திருந்தால் இன்று இந்த மேடையில் பரிசு இருந்திருக்காது, இரங்கல்தான் இருந்திருக்கும். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். "வண்டி நின்னுச்சே, அது போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அதற்கும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து பூங்கொத்தைக் குப்பையில் போட்டேன்.

அன்று ஆரம்பித்தது. சீல் பேக் பிரேக் கட்டை எங்கே கிடைக்கும் என்று குழுவில் வேட்டை. டில்லியிலிருந்து ஒருவன் பெட்டி பெட்டியாக அனுப்புகிறான். வாங்குகிறவர்கள் எல்லோரும் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொருவரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பதில் சொல்கிறார்கள்: "ஆனா பிரபு சார் போட்டாரே அம்மா? நின்னுச்சே?"

போன மாதம் லோஹேகாவிலிருந்து ஒரு பையன். விமானப்படைக் குடும்பம், அரைகுறைத் தமிழ். "ஆன்ட்டி, அம்மாவ பின்னால வெச்சு மஹாபலேஷ்வர் போறேன். பிரபு சார் போட்ட சேம் பிரேக், சீல் பேக்" என்று பெருமையாகச் சொல்கிறான். நான் போனில் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜோஷி மாமி ஓடிவந்துவிட்டார். அந்தப் பையன் நிதானமாகச் சொன்னான்: "ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. ஒருதரம் பிரபு சார்கிட்டயும் கேட்டுக்கறேன்."

உள்ளே யாராவது ஆள் இருக்காங்களா? வாழ்நாள் முழுக்க இதைக் கேட்டாயிற்று. போனை வைத்துவிட்டு நேராகக் கவிதாவுக்குப் போன் போட்டேன்.

"இதப் பாரும்மா. நான் உனக்குக் குடுத்த வாக்கு உன் உசுருக்குக் குடுத்தது. இப்ப அது வேற எவன் அம்மா உசுரையோ கேக்குது. நம்ம மலருல நடந்தத நடந்தபடி எழுதப் போறேன். அதை அப்படியே குழுவுலயும் போடுவேன். லோஹேகாவ் பையனுக்கு இப்பவே போன் போட்டு லைனிங் மாத்துனத சொல்லிடுவேன். உங்கிட்ட கேக்கல, சொல்றேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை அவள் நிறுத்தினாள்.

"எழுதுங்கம்மா" என்றாள். "மேடையில அவரு கைதட்டு வாங்கறப்பவே எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க. உங்கள அன்னைக்கே சொல்லவுட்டிருக்கோணும்."

லோஹேகாவ் பையன் அன்றைக்கே கட்டையைக் கழற்றிவிட்டான். கழற்றும்போதே ஒரு பட்டை கையோடு வந்துவிட்டதாம். இந்தத் தடவை பிரபு சாரிடம் கேட்கவில்லை.

பிரபுவின் கட்டையிலிருந்து பெயர்ந்த பட்டைகள் அதே டப்பாவில் என் வீட்டில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வந்து வெளியிலிருந்தே பார்க்கலாம், மூடியை மட்டும் திறக்க விட மாட்டேன். பாகம் வாங்கினால் பெட்டியைக் கிழியுங்கள். மனசு வரவில்லை என்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், நான் கிழித்துத் தருகிறேன்.

எழுதி முடித்ததும் கவிதாவுக்குப் படித்துக் காட்டினேன். ஊரில் நாலு பேர் பேசுவார்களே என்று எனக்கே கடைசியில் ஒரு தயக்கம்.

"உன் பேரையும் அவரு பேரையும் மாத்திடட்டாம்மா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க" என்றாள் கவிதா. "மாத்துனீங்கன்னா, வேற யாரையோ சொல்றாங்கன்னு நெனச்சுக்குவாரு."